தம்பியின் பாட்டும் அண்ணனின் கையெழுத்தும்

கேள்வி: கோவையில் ஐந்து பேர் சேர்ந்து ராக் இசைக்குழு நடத்துகிறோம். கல்லூரியில் படிக்கும்போது நான் ஆரம்பித்த குழு. முதலில் நான்தான் பாடிக்கொண்டிருந்தேன். பிறகு என் தம்பி சேர்ந்தான். இன்று வரி, மெட்டு, குரல் எல்லாமே அவன்தான். நான் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். கூட்டம் அவனுக்காகத்தான் வருகிறது. மற்ற மூவரும், 'ஆல்பத்தில் ஆளுக்கு இரண்டு பாட்டு எழுதிப் பாட வேண்டும், அதுதான் நியாயம்' என்கிறார்கள். தம்பி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கிடையில் ஒரு இசை நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பாடல்களின் எல்லா உரிமையும் அவர்களுக்கு. அடுத்து வரும் ஆல்பங்களும் அவர்களுக்கே. எங்கள் டிரம்மர், 'நாமும் கிரீடன்ஸ் மாதிரி உடையப் போகிறோம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அந்தக் குழு ஏன் உடைந்தது? தப்பு யார் மேல்? நான் கௌரவமாக விலகிக்கொள்வது நல்லதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் டிரம்மர் சரியான உதாரணத்தைத்தான் பிடித்திருக்கிறார். இசை உரிமை சம்பந்தப்பட்ட வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞர் நான். ஒப்பந்தத்தோடு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வதும் அமெரிக்க ராக் குழுவான கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலின் கதைதான். அந்தக் கதையில் நீங்கள் நிற்பது டாம் ஃபோகர்ட்டியின் இடத்தில். அதனால் டாமிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், எல் செரிட்டோ என்று ஒரு சிறிய ஊர். அங்கே பள்ளியில் ஒன்றாகப் படித்த ஜான் ஃபோகர்ட்டி, டக் கிளிஃபர்ட், ஸ்டூ குக் மூவரும் 1959-இல் 'ப்ளூ வெல்வெட்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். ஜானின் அண்ணன் டாம் அப்போதே பாடகர். தம்பியின் குழுவைத் தனக்கு வாசிக்கச் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் 'டாமி ஃபோகர்ட்டியும் ப்ளூ வெல்வெட்ஸும்' என்றுதான் இருக்கும். 1964-இல் ஃபேன்டசி ரெக்கார்ட்ஸ் என்ற ஜாஸ் நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. எடுத்த கையோடு, அவர்களைக் கேட்காமலேயே குழுவின் பெயரை 'கோலிவாக்ஸ்' என்று மாற்றியது. அது கறுப்பின மக்களைக் கேலி செய்யும் ஒரு துணிப்பொம்மையின் பெயர். நால்வருக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயரிலேயே வருடக்கணக்கில் வாசித்தார்கள்.

அந்த வருடங்களில்தான் பாடுகிற இடம் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போனது. ஜானின் தொண்டையில் ஒரு கரகரப்பு வந்து உட்கார்ந்தது. கேட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாம் மைக்கை விட்டுக்கொடுத்துவிட்டு ரிதம் கிட்டாருக்கு நகர்ந்தார். அது சின்ன காரியம் இல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1967-இல் சால் ஜேன்ட்ஸ் என்பவர் கூட்டாளிகளோடு சேர்ந்து ஃபேன்டசியை வாங்கினார். குழுவின் பெயர் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்று மாறியது. 1968-இல் முதல் ஆல்பம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் நடந்ததை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. 1969 என்ற ஒரே வருடத்தில் மூன்று முழு ஆல்பங்கள்: 'பேயூ கன்ட்ரி', 'கிரீன் ரிவர்', 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்'. 'ப்ரௌட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'ஃபார்ச்சுனேட் சன்' எல்லாம் அந்த வருடத்துப் பாட்டுகள். அமெரிக்கத் தெற்கின் சதுப்பு நிலத்தையும் ஆற்றுப் படகுகளையும் பாடிய இவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர் இல்லை. ஆனாலும் கேட்டவர்கள் நம்பினார்கள். பக்கத்திலேயே சான் பிரான்சிஸ்கோ குழுக்கள் ஒரு பாட்டை அரை மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் இரண்டரை, மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். அந்த ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவிலும் வாசித்தார்கள். நள்ளிரவு தாண்டி, கூட்டம் பாதி தூங்கிக்கொண்டிருந்தபோது மேடை கிடைத்தது. வாசித்தது தரமாக இல்லை என்று சொல்லி, விழாவைப் பற்றிய படத்தில் தங்களைச் சேர்க்க ஜான் சம்மதிக்கவில்லை. உலகமே பார்த்த அந்தப் படத்தில் அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்று இல்லாமல் போனது.

அமெரிக்காவின் முக்கியப் பாடல் தரவரிசையான பில்போர்டில் அவர்களின் ஐந்து சிங்கிள்கள் (தனியாக வெளியிடும் பாட்டுகள்) இரண்டாம் இடம் வரை போயின. முதலிடத்துக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அதனால் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை. 1970-இல் வந்த 'காஸ்மோஸ் ஃபேக்டரி' பெயரே அவர்களின் ஒத்திகைக் கூடத்திலிருந்து வந்தது. 'காஸ்மோ' என்பது டிரம்மர் டக்கின் செல்லப்பெயர். தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவதுபோல் தினமும் ஒத்திகைக்கு வர வேண்டும் என்பது ஜானின் கண்டிப்பு. அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இறுக்கமான சத்தம் அதில்தான் வந்தது.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. எழுதுவது, பாடுவது, லீட் கிட்டார், இசைக்கோவை, தயாரிப்பு எல்லாம் ஜான். மேனேஜர் வேலையும் அவரே பார்த்தார். ரசிகர்கள் எவ்வளவு கத்தினாலும் கச்சேரி முடிந்த பிறகு மறுபடி மேடைக்கு வரக் கூடாது என்பதும் அவர் எடுத்த முடிவுதான். மற்ற மூவருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான். பாட்டில் யார் சொல்வது நடக்கும் என்ற கேள்விக்கு அந்தக் குழுவில் தெளிவான பதில் இருந்தது. மேடை, பணம், ஒப்பந்தம், விளம்பரம் விஷயங்களில் யார் சொல்வது நடக்கும் என்ற கேள்வியை அவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்ளவே இல்லை. பாட்டில் ஜான் பெரியவர், அதனால் எல்லாவற்றிலும் ஜான். இப்படியே ஓடியது.

1971 தொடக்கத்தில் டாம் விலகினார். அந்த ஜனவரியில்தான் 'ஹேவ் யூ எவர் சீன் த ரெய்ன்' சிங்கிளாக வந்தது. வெயில் அடிக்கும்போதே மழை பெய்கிறதே என்று கேட்கிற பாட்டு. புகழின் உச்சியில் குழு உடைந்துகொண்டிருந்ததைத்தான் அதில் எழுதினேன் என்று ஜான் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இப்போது உங்கள் குழுவின் மற்ற மூவர் கேட்கும் இடத்துக்கு வருகிறேன். டாம் போன பிறகு மீதி மூவரும் 'மார்டி க்ரா' என்ற ஆல்பத்தைச் செய்தார்கள். அதில் ஸ்டூவும் டக்கும் எழுதி, அவர்களே பாடினார்கள். ஆளுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் வற்புறுத்தியதால் ஒத்துக்கொண்டேன் என்பது ஜான் தரப்பு. ஜான்தான் அப்படித் திணித்தார், அவர்கள் பாட்டுக்கு அவர் குரல்கூடக் கொடுக்க மறுத்தார் என்பது மற்றவர்கள் தரப்பு. எது உண்மை என்று என்னால் சொல்ல முடியாது. ஆல்பம் 1972 ஏப்ரலில் வந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள். அந்த அக்டோபரில் குழுவே முடிந்தது. முதல் ஆல்பத்திலிருந்து எண்ணினால் ஐந்து வருடம்கூட ஆகவில்லை.

தப்பு யார் மேல் என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம் இது: சமமாக்க வேண்டியதை விட்டுவிட்டு, சமமாக்க முடியாததைச் சமமாக்கினார்கள். ஸ்டூவும் டக்கும் கேட்டது நியாயம்தான். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கூடவே உழைத்தவர்களுக்கு முடிவுகளில் ஒரு குரல் வேண்டும். ஆனால் அதற்குக் கிடைத்த பதில் 'சரி, நீயும் ஒரு பாட்டு எழுது' என்று இருந்தது. எழுதுகிற திறமையைப் பங்கு பிரித்துக் கொடுக்க யாராலும் முடியாது. பணத்தைப் பிரிக்கலாம், ஓட்டைப் பிரிக்கலாம்.

இதைச் செய்து காட்டிய குழுவும் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸில் 1980-இல் தொடங்கிய ஆர்.இ.எம். குழுவில் வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் பாடகர் மைக்கேல் ஸ்டைப். ஆனாலும் பாடல்களை நால்வர் பெயரிலும் சேர்த்தே பதிவு செய்தார்கள். 1997-இல் டிரம்மர் பில் பெர்ரி விலகியபோதுகூட நட்போடு விலகினார். குழு 2011 வரை நின்றது. எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் தம்பி ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் ஆளுக்கு இரண்டு பாட்டு என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து நிறுவனத்தின் ஒப்பந்தம். இதற்கு முன்னால் சொன்னதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான், ஏனென்றால் குழு உடைந்த பிறகும் ஜானின் வாழ்க்கையைத் துரத்தியது அண்ணனோ நண்பர்களோ இல்லை, அந்தக் காகிதம். புகழ் வருவதற்கு முன்னால் போட்ட கையெழுத்து. பாடல்களின் உரிமை ஃபேன்டசியின் பதிப்புப் பிரிவுக்குப் போனது. வெற்றி வந்தால் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று வாய்மொழியாக உறுதி தரப்பட்டதாக ஜான் பின்னாளில் எழுதினார். வெற்றி வந்தது; ஒப்பந்தம் அப்படியே இருந்தது. குழு கலைந்ததும் ஸ்டூவையும் டக்கையும் நிறுவனம் விடுவித்தது. ஜானை விடவில்லை. அவர் இன்னும் பல ஆல்பங்கள் தர வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, வருமான வரியை மிச்சப்படுத்தலாம் என்று பஹாமாஸில் ஒரு வங்கியில் போட்டு வைத்திருந்த குழுவின் சேமிப்பு, 1977-இல் அந்த வங்கி விழுந்தபோது அதோடு போனது. கடைசியில் 1980-இல், ஒப்பந்தத்திலிருந்து வெளியே வருவதற்காக, கிரீடன்ஸ் இசைத்தட்டுகளிலிருந்து தனக்கு வர வேண்டிய கலைஞர் ராயல்டியையே ஜான் விட்டுக்கொடுத்தார். அந்த வருடங்களில் அவர் தன் பழைய பாட்டுகளை மேடையில் பாடவே மறுத்தார். பாடினால் பணம் யாருக்குப் போகும் என்ற கசப்பு. 1987-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளப்பில், இதைப் பாடாமல் இருந்தால் 'ப்ரௌட் மேரி' அதைப் பாடிப் புகழ்பெற்ற பாடகி டீனா டர்னருடைய பாட்டு என்றே ஊர் நினைத்துவிடும் என்று பாடகர் பாப் டிலன் அவரிடம் சொன்னாராம். அதே வருடம் ஜூலை 4 அன்று, வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கான கச்சேரியில் ஜான் அந்தப் பாட்டுகளைத் திரும்பப் பாடினார்.

நடுவில் இன்னொன்று நடந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நம்பாமல் சிரிக்கும் வழக்கு அது. 1985-இல் ஜான் 'சென்டர்ஃபீல்ட்' என்ற தனி ஆல்பத்தோடு திரும்பி வந்தார். அதிலிருந்த 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோட்', 1970-இல் அவரே எழுதிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டின் காப்பி என்று ஃபேன்டசி வழக்குப் போட்டது. பழைய பாட்டின் உரிமை நிறுவனத்திடம் இருந்ததால், தன்னையே காப்பியடித்ததாக ஒருவர் மேல் வழக்கு! ஜான் சாட்சிக் கூண்டுக்குக் கிட்டாரோடு போய், தான் எப்படிப் பாட்டு எழுதுகிறேன் என்று வாசித்துக் காட்டினார். 1988-இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குச் செலவைத் திரும்பப் பெறுவதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1994-இல் அங்கும் ஜெயித்தார். காப்புரிமை வழக்கில் ஜெயித்த பிரதிவாதிக்கும், ஜெயித்த வாதிக்கும் செலவுத்தொகை விஷயத்தில் ஒரே அளவுகோல்தான் என்ற அந்தத் தீர்ப்பை அமெரிக்க வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஃபேன்டசியை 2004-இல் வேறு நிறுவனம் வாங்கிய பிறகுதான் அவருக்கு ராயல்டி திரும்ப வர ஆரம்பித்தது. பாடல்களின் பதிப்புரிமையில் பெரும்பங்கு 2023 ஜனவரியில் அவர் கைக்கு வந்தபோது அவருக்கு 77 வயது.

அப்புறம், உங்கள் ஒப்பந்தம். நம் நாட்டில் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தினார்கள். சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்துவிட்ட பாட்டின் வரியை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது. தியேட்டரில் படம் ஓடும் வருமானத்துக்கு மட்டும் இது பொருந்தாது. வாரிசுக்கோ, ஐ.பி.ஆர்.எஸ். போன்ற காப்புரிமைச் சங்கத்துக்கோ தரலாம், அவ்வளவுதான். வாசிப்பவர்களுக்கும், பாடுபவர்களுக்கும் தனியாகக் கலைஞர் உரிமை உண்டு. வியாபார ரீதியாகப் பயன்படுத்தும்போது அவர்களுக்கும் ராயல்டி உண்டு. உங்கள் டிரம்மருக்கும் பேஸ் கிட்டார்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். பாட்டு எழுதினால்தான் பணம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

சட்டம் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நிறுவனங்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதுகின்றன. உங்கள் தாளில் அந்த வார்த்தைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த ஆல்பங்கள் எத்தனை, அவற்றை வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்று பாருங்கள். ஒருவர் விலகினால் அவர் தனியாகப் பாடுவதையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா என்பதை மிக முக்கியமாகப் பாருங்கள். ஜான் மாட்டிக்கொண்டது அங்கேதான். உங்கள் தம்பிக்காகவாவது அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்து என்று நில்லுங்கள்.

நிறுவனத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உங்கள் ஐந்து பேருக்குள் ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள். வரியும் மெட்டும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனித்தனிப் படைப்புகள். ஒவ்வொரு பாட்டுக்கும் எதை யார் செய்தார்கள் என்று அன்றன்றே எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள். கச்சேரிப் பணம் சமமாகப் போகட்டும். எழுதியவருக்கான பணத்தில் ஒரு பகுதியைக் குழுவுக்கு விட்டுத்தரத் தம்பி முன்வந்தால், எவ்வளவு என்று எழுதுங்கள். ஆல்பத்தில் எந்தப் பாட்டு வரும், எப்படி வரும் என்பதில் கடைசி வார்த்தை தம்பியுடையது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கச்சேரி, விளம்பரம், ஒப்பந்தம், கடன் போன்ற விஷயங்களில் ஆளுக்கு ஒரு ஓட்டு. குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதி, வணிகச் சின்னமாகப் பதிவு செய்யுங்கள். ஸ்டூவும் டக்கும் 1995-இல் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவிசிட்டட்' என்ற பெயரில் மேடை ஏறியபோது, அந்தப் பெயருக்காகவும் ஜானோடு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

கடைசியாக, விலகலாமா என்ற கேள்வி. டாம் விலகியதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். தானே ஆரம்பித்துவைத்த பாட்டு வாழ்க்கையில் அவருக்கு ஒரு வார்த்தை பேச இடமில்லாமல் போயிருந்தது. ஆனால் விலகிய பிறகு நடந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. டாம் தன் தனி ஆல்பங்களையும் ஃபேன்டசியிலேயே செய்தார். ஜான் நிறுவனத்தோடு மோதியபோது அவர் நிறுவனத்தின் பக்கம் நின்றார். அறுவைசிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்றி, 1990 செப்டம்பரில் டாம் இறந்தார். வயது 48. அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆகவே இல்லை. 1993-இல் ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் கிரீடன்ஸைச் சேர்த்த இரவில்கூட, ஸ்டூவோடும் டக்கோடும் ஒரே மேடையில் வாசிக்க ஜான் மறுத்துவிட்டார்.

அதனால் 'கௌரவமாக விலகுவது' என்ற முடிவை இப்போது எடுக்காதீர்கள். நீங்கள் வருத்தப்படுவது பாடும் இடம் போனதற்காகவா, முடிவுகளில் இடம் இல்லாததற்காகவா என்று முதலில் உங்களையே கேளுங்கள். முதலாவது என்றால், தம்பியின் குழுவுக்கு வெளியே உங்கள் குரலுக்கு ஒரு இடம் தேடுங்கள். குழுவில் இருந்துகொண்டே தனியாகப் பாடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால், மேலே சொன்ன ஓட்டு முறை வந்ததும் பாதி வருத்தம் போய்விடும் என்று நம்புகிறேன். இரண்டும் செய்தும் மனசு ஒட்டவில்லை என்றால் விலகுங்கள். விலகுபவருக்கு எந்தப் பாட்டில் என்ன பங்கு என்பதைக் கணக்குத் தீர்த்து எழுதிவிட்டு விலகுங்கள். அதற்குப் பிறகு தம்பியின் ஒப்பந்த விஷயத்தில் நிறுவனத்தின் பக்கம் நின்று ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள்.

மற்ற மூவரையும் கூப்பிடுவதற்கு முன்னால் தம்பியிடம் தனியாகப் பேசுங்கள். அவன் முகம் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் கர்வமாக மட்டும் இருக்காது. பாட்டைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்ற பயமும் இருக்கலாம். பாட்டில் உனக்குத்தான் கடைசி வார்த்தை, அதை நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நீங்கள் சொன்னால், மற்றதைப் பேச அவன் உட்காருவான். நிறுவனத்திடம் இரண்டு மூன்று வாரம் அவகாசம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதற்குள் ஐந்து பேரும் சேர்ந்து காப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நிறுவனம் சிபாரிசு செய்கிறவர் வேண்டாம். நீங்களே தேடிக் கட்டணம் கொடுத்து அமர்த்துகிறவராக இருக்கட்டும்.